பரந்தன் வெயிலில் நாலு போத்தல்

வெளிநாட்டுச் சொந்தங்கள் சூட்கேஸில் சொக்லேட்டும் சென்ட்டும் கொண்டு வந்த காலம் போய், இப்போது வைன் வருகிறது. போன ஆடியில் கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் பாரிஸ் மச்சான் ஒரு போர்தோ கொண்டு வந்தார், பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு வைன். ஜெர்மனியில் இருக்கிற சித்தப்பாவின் மகன் ஒரு ரீஸ்லிங், அது வெள்ளை வைன். என் பங்குக்கு வவுனியாவில் ஒரு அவுஸ்திரேலிய ஷிராஸ் வாங்கி வைத்தேன். நாலாவது, எங்களுக்கு வழக்கமாகச் சீவித் தருகிற அண்ணை கொண்டு வந்த பனங்கள்ளு. சாப்பாடு: புட்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், முல்லைத்தீவு நண்டுக் குழம்பு. இந்த உறைப்போடு எது நின்று பிடிக்கும் என்பதுதான் அன்றைய வழக்கு.

மச்சானின் போர்தோதான் முதலில் திறபட்டது. போத்தலின் கழுத்தில் தங்கப் பதக்க ஸ்டிக்கர், பக்கத்தில் 91 புள்ளி. கபர்னே சோவினியோன், மெர்லோ என்ற இரண்டு முந்திரிகை இனங்கள் கலந்தது. கபர்னே சோவினியோன் வைன் உலகின் பெரிய வீட்டுப் பிள்ளை. கபர்னே ஃப்ராங் என்ற கறுப்பு முந்திரிகைக்கும் சோவினியோன் ப்ளாங் என்ற வெள்ளை முந்திரிகைக்கும் தற்செயலாகப் பிறந்த கலப்பு அது என்பதை 1997இல்தான் மரபணுச் சோதனையில் கண்டுபிடித்தார்கள். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் முந்திரிகை என்றால் திராட்சை. நீங்கள் முந்திரி என்று சொல்வது எங்களுக்குக் கஜு.)

அந்தப் பழத்துக்குத் தோல் தடிப்பு. தோலிலும் விதையிலும் இருந்து டனின் இறங்கும். தேயிலையைக் கூட நேரம் ஊற விட்டால் நாக்கைப் பிடிக்குமே ஒரு கயர்ப்பு, அதேதான். வெண்ணெய் போட்டுப் பொரித்த மாட்டிறைச்சியோடு அந்தக் கயர்ப்பு அடங்கிப்போகும். எங்கள் பிரட்டலில் இருக்கிற மிளகாய்த்தூளோடு அடங்காது. இரண்டும் சேர்ந்து வாயை உலர்த்திவிடும். நண்டோடு இன்னும் மோசம், வாயில் தகரம் கடித்த ருசி. சிவப்பு வைனில் இருக்கிற இரும்புச் சத்து, கடலுணவோடு சேரும்போது ஒரு மீன் நாற்றம் எழும்பும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டியிருக்கிறார்கள். இதில் வெயில் வேறு. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று படித்திருந்த மச்சான், போத்தலைக் கடைசி வரைக்கும் பிரிஜில் வைக்க விடவில்லை. அந்த விதியை எழுதினவர்களின் அறை 16, 18 பாகை. எங்கள் விறாந்தை அன்றைக்கு 33.

சரி, ஷிராஸ்? வவுனியாவில் நான் வாங்கிய கடையின் போர்ட்டில் ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்றுதான் இருந்தது. இந்த நாட்டில் அப்படிப் பெயர் வைத்த கடைகளில் மிகக் குறைவாக விற்கிற சாமான் வைன்தான். சாராயமும் பியரும் முன்னுக்கு. வைன் ஒரு மூலைத் தட்டில், பின்னேர வெயில் நேராக விழுகிற இடத்தில். தூசு படிந்த போத்தலைத் துடைத்துத் தந்தார்கள். இறக்குமதி வைனுக்கு வரிக்கு மேல் வரி. மச்சான் கணக்குப் பார்த்து, ‘உந்தக் காசுக்கு நான் அங்க ரெண்டு போர்தோ வாங்கியிருப்பன்’ என்றார். பாரிஸில் மலிவு வைன் என்கிற கணக்கு வவுனியாவில் செல்லாது.

பிரான்சில் சிரா, அவுஸ்திரேலியாவில் ஷிராஸ், பழம் ஒன்றுதான். வெயில் நாட்டில் நன்றாகப் பழுத்துச் சீனி ஏறுவதால் அற்ககோல் 14 வீதத்துக்கும் மேலே போகும். மிளகு மணமும் கறுத்தப் பழ ருசியும் இறைச்சிக்குத் தோதுதான், முதல் இரண்டு வாய்க்கு. அதற்குப் பிறகு உறைப்பும் அற்ககோலும் சேர்ந்து எரிகிறது. திருகு மூடி ஒரு வசதி, தக்கை எடுக்கிற கருவியைத் தேடி அயலட்டைக்கு ஓடத் தேவையில்லை. போர்தோவுக்கு ஓடினோம். கிடைக்கவில்லை. கடைசியில் தக்கையைத் தும்புத்தடியின் நுனியால் உள்ளே தள்ளிவிட்டதைப் பதக்கம் கொடுத்தவர்கள் பார்க்கவில்லை.

ரீஸ்லிங்கை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஒல்லிக் கழுத்துப் பச்சைப் போத்தல், மோசல் ஆற்றங்கரைச் சரக்கு, கபினெட் என்ற இலகுவான வகை, அற்ககோல் எட்டரை வீதம். ஏழு யூரோவுக்குள் வாங்கினதாம். பிரிஜில் இருந்து எடுத்ததும் போத்தலில் வியர்வை பூத்து மேசைச் சீலை நனைந்தது. நண்டுக் காலை உடைத்து உறிஞ்சிவிட்டு ஒரு மிடறு குடித்தேன். கொஞ்சம் இனிப்பு, அதைவிடக் கூடப் புளிப்பு. இனிப்பு உறைப்பை அணைக்கிறது. புளிப்பு, குழம்புக்குத் தேசிக்காய் (எலுமிச்சை) விட்ட வேலையைச் செய்கிறது. டனின் இல்லை, ஆகவே வாயில் சண்டையும் இல்லை. ஒருநாளும் வாயில் வைக்காத மாமி மூடியில் ஊற்றி நக்கிப் பார்த்தார். ‘உது தேசிக்காய்த் தண்ணி மாதிரியெல்லோ கிடக்கு!’ எந்த விமர்சகரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல மாட்டார். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: லேபிளில் ‘ட்ரொக்கன்’ என்று இருந்தால் அது இனிப்பு இல்லாத வகை. உறைப்புக் கறிக்கு அந்தச் சொல் இல்லாத போத்தல்தான் வேண்டும்.

அந்த 91ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு புள்ளி முறையைப் பரப்பியவர் ரொபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர். வழக்கறிஞர், 1978இல் சொந்தமாக வைன் சஞ்சிகை தொடங்கினவர். 1982ஆம் ஆண்டு அறுவடைப் போர்தோவைப் புகழ்ந்து பெயர் எடுத்தார். அவரது அளவுகோல் 50இல் தொடங்கும், சோதனைக்கு வந்து குந்தினாலே பாதிப் புள்ளி. ஆகவே 91ஐப் பார்த்து மயங்க வேண்டாம். இங்கிலாந்தின் ஜான்சிஸ் ரொபின்சன் 20க்குத்தான் போடுகிறார், எனக்கு அது பிடிக்கும். கலிபோர்னியாவில் ஒரே போத்தலின் வைனை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார் ரொபர்ட் ஹொட்சன் என்ற வைன் செய்கிறவர். ஏறக்குறையப் பத்து நடுவரில் ஒருவர்தான் மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்தில் நின்றார். பதக்க ஸ்டிக்கரை நான் அதற்குப் பிறகு அலங்காரமாகத்தான் பார்க்கிறேன்.

கள்ளை இந்த வரிசையில் சேர்த்ததற்கு மச்சான் முகம் சுளித்தார். ஆனால் வைன் ஆட்கள் பேசுகிற அத்தனையும் கள்ளு விற்கிற தவறணையில் எப்போதோ பேசி முடித்த கதை. ஒரே தோட்டத்துப் பழத்தில் செய்த வைனுக்கு விலை கூட என்கிறார்களே, இங்கே ஒருமரத்துக் கள்ளுக்கு அதே மதிப்பு. தவறணையில் பல மரத்துக் கள்ளும் ஒன்றாகக் கலந்துதான் வரும். தனிமரக் கள்ளு வேண்டுமென்றால் சீவுகிறவருக்கு முதலே சொல்லி வைக்க வேண்டும். எங்கள் அண்ணை வளவின் தெற்கு மூலைப் பனையை மட்டும் எனக்குத் தனியாக இறக்கித் தருவார். போரில் தலை போகாமல் தப்பின நாலு பனையில் அது ஒன்று.

பாளையில் இருந்து முட்டியில் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் நொதிப்பு நின்று கருப்பநீர் (பதநீர்). தடவாவிட்டால் காலையில் இனிப்பு, கொஞ்ச நேரத்தில் கள்ளு, மத்தியானம் தாண்டினால் புளிப்பு, அடுத்த நாள் வினாகிரி. வைனைத் தாங்கிப் பிடிக்கிற டனினும் அற்ககோலும் இதில் போதாது. வைனுக்கு ஆண்டு பார்ப்பார்கள், கள்ளுக்கு மணி பார்க்க வேண்டும். காலை எட்டரைக்கு இறக்கினதைப் பதினொரு மணிக்குள் குடித்தால் பிரட்டலோடு அதற்கு நிகர் இல்லை. நுரை உறைப்பைத் துடைத்துக்கொண்டு போகும். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தது இரண்டு மணிக்கு. அதற்குள் புளித்துவிட்டது. அதனால் அன்றைய முதலிடம் ரீஸ்லிங்குக்கு. பதினொன்றுக்கே இலை போட்டிருந்தால் நான் கள்ளுக்குத்தான் கொடுத்திருப்பேன்.

மச்சான் கொழும்புக்குப் போன பிறகு, மிச்சம் கிடந்த அரைப் போத்தல் போர்தோவைத் தக்கைத் துண்டுகளை வடித்துப் பிரிஜில் வைத்தேன். இரவு வெறும் பொரித்த இறைச்சியோடு, உறைப்பு இல்லாமல், குளிராக ஒரு கிளாஸ். நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.