ட்ரோன் பைலட் எங்கே உட்கார வேண்டும்: கடல் தாண்டியா, களத்துக்குப் பக்கத்திலா?

ஏவுகணை சுமந்து பறக்கும் பெரிய ரீப்பர் ட்ரோனை அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டே ஓட்டினார்கள் என்று சொல்வது பாதிதான் உண்மை. ஆப்கானிஸ்தான் போரில் அந்த விமானத்தை ஓடுதளத்தில் இருந்து கிளப்பியது அங்கேயே முகாமிட்டிருந்த ஒரு சிறு குழு. மேலே ஏறி நிதானத்துக்கு வந்ததும் லாஸ் வேகஸுக்கு 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிரீச் விமானப்படைத் தளத்திடம் ஒப்படைத்துவிடுவார்கள். வேலை முடிந்து திரும்பும்போது மறுபடி அந்தக் குழுவே வாங்கித் தரையிறக்கும்.

காரணம் தாமதம். நெவாடாவில் பைலட் ஸ்டிக்கை அசைத்தால், அந்தக் கட்டளை கடலடி ஃபைபர் வழியாக ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்துக்குப் போய், அங்கிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அப்புறம்தான் ட்ரோனுக்கு இறங்கும். கேமரா படம் அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஒளியின் வேகத்திலேயே போனாலும் செயற்கைக்கோளைத் தொட்டுவிட்டுப் போய்வரவே அரை நொடி ஆகிவிடும். வீடியோவைச் சுருக்குவது, விரிப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு நொடி தாண்டும். 15,000 அடியில் வட்டமடிக்கும் விமானத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பக்கவாட்டுக் காற்றில் சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில், ஒரு நொடிக்கு முந்தைய படத்தைப் பார்த்து ஸ்டிக்கை இழுத்தால் விமானம் மிஞ்சாது. தானாகவே தரையிறங்கும் வசதி வந்த பிறகு இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது.

இதே கணக்கை உக்ரைனில் பறக்கும் எஃப்பிவி ட்ரோனுக்கு, அதாவது அதன் கேமரா பார்ப்பதையே காகிள்ஸில் பார்த்து ஓட்டும் சிறு ட்ரோனுக்கு, போட்டுப் பாருங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 33 மீட்டர். ஒரு நொடி தாமதமானால், பைலட் எதிரே பார்க்கும் மரத்தில் ட்ரோன் ஏற்கெனவே மோதியிருக்கும். அதனால் அந்த பைலட் முன்வரிசைக்குச் சில கிலோமீட்டர் பின்னால், ஏதோ இடிந்த வீட்டின் நிலவறையில் இருக்கிறார். கண்ணை மூடிய காகிள்ஸ், கையில் ரிமோட், பக்கத்தில் மேப்பைப் பார்த்து வழி சொல்ல ஒருவர், ட்ரோனில் வெடிபொருளைக் கட்டித் தர இன்னொருவர். இலக்கை நெருங்கித் தாழ இறங்கும்போது மரமும் மேடும் மறைத்து, படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யத் தொடங்கும். ரேடியோ தொடர்பைக் குலைக்கும் ஜாமர் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் கடைசி சில நொடிகளில் கை உடனே பேச வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பக்கத்தில் உட்காருவது.

அதற்கான விலையும் அங்கேயே காத்திருக்கிறது. ரேடியோ அலை விடுகிற எவரையும் தேடிப் பிடிக்கலாம். போரின் முதல் மாதங்களிலேயே, கடையில் கிடைக்கும் சீனாவின் டிஜேஐ ட்ரோன்கள் பைலட் நிற்கும் இடத்தையும் சேர்த்தே ஒலிபரப்புகின்றன என்பதும், அதே நிறுவனத்தின் ஏரோஸ்கோப் என்ற கருவியால் அதைப் படிக்க முடியும் என்பதும் பெரிய பிரச்சினையாக வெடித்தது. இப்போது டாங்கியை அடிப்பதைவிட ட்ரோன் குழுவை அடிப்பதுதான் லாபம் என்று இரு தரப்பும் நினைக்கின்றன. ரஷ்யாவின் ரூபிகான் என்ற ட்ரோன் படைப் பிரிவு இதில் பேர்போனது. ஆகவே ஆன்டெனாவைத் தள்ளி ஒரு மரத்தில் கட்டிவிட்டு, கேபிள் இழுத்துக்கொண்டு ஆள் நிலவறைக்குள் இருக்கிறார். அடி விழுந்தால் ஆன்டெனாவோடு போகட்டும் என்ற கணக்கு. மெல்லிய ஃபைபர் இழையை விரித்துக்கொண்டே பறந்து, அதன் வழியாகவே கட்டளை வாங்கும் ட்ரோன்கள் வந்தபின் ரேடியோவும் வேண்டாம், ஜாமரும் பலிக்காது. ஆனால் வெயிலில் பளபளக்கும் அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போனால் ஏவிய இடம் வந்துவிடும்!

தூரத்து பைலட்டுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. 2023 மார்ச்சில் கருங்கடல் மேல் ரஷ்யப் போர்விமானம் உரசி ஒரு ரீப்பர் விழுந்தது. ஓட்டியவருக்குக் கீறல்கூட இல்லை. ஒரு ரீப்பரின் விலை சுமார் 3 கோடி டாலர். ஏமனில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் அவற்றை வரிசையாக விழுத்தியபோதும் அமெரிக்கா ஒரு பைலட்டைக்கூட இழக்கவில்லை. 24 மணி நேரமும் ஒரே இடத்தைப் பார்க்க ஷிஃப்ட் போட்டு ஆள் மாற்றலாம். இன்று ஒரு நாட்டின் மேல், நாளை இன்னொரு நாட்டின் மேல் என்று அதே நாற்காலியில் இருந்தே மாறலாம். போர்முனைக்கு அனுப்பும் ஆட்களும் குறைவு. பெரிய ட்ரோனைப் பொறுத்தவரை இந்த வாதத்தை வெல்வது கஷ்டம்.

ஆனாலும் நீளமான கயிறு எங்கே வேண்டுமானாலும் அறும். 2009 செப்டம்பரில் ஆப்கானிஸ்தான் மேல் ஒரு ரீப்பர் கட்டுப்பாட்டை இழந்து எல்லையை நோக்கிப் போக, அமெரிக்காவின் எஃப்-15 விமானமே அதைச் சுட்டு வீழ்த்தியது. அதே வருடக் கடைசியில், ஈராக்கியக் கிளர்ச்சியாளர்கள் 26 டாலர் மென்பொருளை வைத்து, ரீப்பருக்கு முந்தைய ட்ரோனான பிரிடேட்டரின் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. படத்தை மறையாக்கம் செய்யாமலே அனுப்பியிருந்தார்கள்.

தூரத்தில் இருந்தால் கொல்வது வீடியோ கேம் மாதிரி ஆகிவிடும் என்று அடிக்கடி சொல்வார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. எஃப்பிவி பைலட்டும் திரையைப் பார்த்துத்தான் கொல்கிறார். நெவாடா பைலட்டோ ஒரு வீட்டை நாள்கணக்கில் பார்த்து, அங்கே விளையாடும் குழந்தைகளை அடையாளம் தெரிந்துகொண்டு, அப்புறம் பட்டனை அழுத்தி, ஷிஃப்ட் முடிந்து காரில் வீட்டுக்குப் போகிறார். ட்ரோன் பைலட்டுகளுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்ட விகிதம், விமானத்தில் ஏறிப் பறக்கும் பைலட்டுகளின் விகிதத்துக்கு ஏறத்தாழச் சமம் என்று 2013-இல் வந்த அமெரிக்க ராணுவ மருத்துவ ஆய்வு சொன்னது. அதே 2013-இல் இவர்களுக்கென அறிவித்த பதக்கத்தை, களத்துக்கே போகாதவருக்கு இவ்வளவு உயர்ந்த மரியாதையா என்ற எதிர்ப்பில் இரண்டே மாதத்தில் கைவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், தூரத்தின் உண்மையான கோளாறு 2010 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் நடந்ததில் இருக்கிறது. மூன்று வண்டிகளை ஒரு பிரிடேட்டர் மணிக்கணக்கில் பின்தொடர்ந்தது. ஓட்டியவர்கள் நெவாடாவில், படத்தை ஆராய்ந்தவர்கள் ஃபுளோரிடாவில், முடிவெடுக்க வேண்டிய படைக்குழு ஆப்கானிஸ்தானில். வண்டியில் குழந்தைகள் இருக்கலாம் என்று ஃபுளோரிடாவில் இருந்து தகவல் வந்தது. ஓட்டும் குழு அதைத் தட்டிக்கழித்தது. தரையில் இருந்த அதிகாரிக்கு அந்தச் சந்தேகத்தின் கனம் போய்ச் சேரவில்லை. ஹெலிகாப்டர்கள் சுட்டன, ராணுவ விசாரணைக் கணக்கிலேயே 23 பொதுமக்கள் வரை இறந்தார்கள். ட்ரோன் குழு தந்த தகவல் தவறானது, தொழில்முறைக்கு ஒவ்வாதது என்றது அந்த விசாரணை. படம் தெளிவாக இருந்தால் போதாது. ‘அது என்ன, சரியாகச் சொல்லு’ என்று முகத்தைப் பார்த்துக் கேட்க ஆள் வேண்டும்.

இந்த இடத்தில் அமெரிக்கத் தரைப்படையின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பிரிடேட்டரின் தம்பியான கிரே ஈகிளை ஓட்டுபவர்கள் விமானப்படை அதிகாரிகள் அல்ல, சாதாரணச் சிப்பாய்கள். தாங்கள் உதவும் படையோடு சேர்ந்தே வெளிநாடு போகிறார்கள். ஏறி இறங்குவதை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. தளபதியின் குரலும் சுபாவமும் தெரியும், நேற்று எந்தப் பாதையில் ரோந்து போனது என்பதும் தெரியும். முன்வரிசை நிலவறையும் இல்லை, வேறு கண்டமும் இல்லை. குறை என்னவென்றால், முகாமைக் காக்க ஆள் வேண்டும், சாமான் போக வேண்டும், நீள் தூர ஏவுகணை உள்ள எதிரி என்றால் அந்த முகாமும் இலக்கு. கண்காணிப்புக்கு மட்டும் என்றால் நெவாடாவே போதும். சுடும் முடிவோடு சேர்ந்த வேலைக்கு இந்த நடுவழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எஃப்பிவிக்கு மட்டும் நிலவறையைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதி முடித்திருப்பேன், 2025 ஜூன் 1 வந்திருக்காவிட்டால். உக்ரைன் சொன்ன கணக்குப்படி 117 ட்ரோன்கள், லாரிகளில் ரஷ்யாவுக்குள் ஒளித்துக் கொண்டுபோகப்பட்டு, விமானத்தளங்களுக்குப் பக்கத்தில் இருந்து கிளம்பின. ஒரு தளம் உக்ரைனில் இருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சைபீரியாவில். கட்டளை போனது ரஷ்யாவின் சொந்த மொபைல் நெட்வொர்க்கில். ஒவ்வொரு ட்ரோனுக்கும் ஒரு பைலட் இருந்தார், ஆனால் லாரி பக்கத்தில் இல்லை. இலக்கு, ஓடாமல் நின்றுகொண்டிருந்த குண்டுவீச்சு விமானங்கள். அதனால் ஒரு நொடி பிந்தினாலும் பரவாயில்லை.