டிராகுலாவா, பிராங்கன்ஸ்டைனா: முதலில் எதை எடுப்பது?

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் தாய்மாமா மலையாள வார இதழ்களில் மாந்திரீகத் தொடர்கதைகள் வந்த காலத்தில் ஒன்றுவிடாமல் படித்தவர். கோட்டயம் புஷ்பநாத்தின் கதைகளை இன்றும் வரிசையாகச் சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் என்னிடம், "மக்களே, டிராகுலா, பிராங்கன்ஸ்டைன்ணு பேரு மட்டும் சொல்லிட்டே வயசாயிப் போச்சு. ரெண்டையும் படிச்சிரணும். எத மொதல்ல எடுக்க?" என்று கேட்டார். இரண்டையும் அண்மையில்தான் முடித்திருந்தேன் என்பதால், அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

இரண்டு நூல்களும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் 1818இல் வந்தது, பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா 1897இல் வந்தது. அளவில் டிராகுலா மற்றதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பக்கக் கணக்கை மட்டும் பார்க்கிறவர் பிராங்கன்ஸ்டைனைத்தான் முதலில் எடுப்பார். நானும் அப்படித்தான் எடுத்தேன், இரண்டு முறை பாதியில் விட்டேன்.

விட்டதற்குக் காரணம் நூலின் குறை என்று சொல்ல மாட்டேன். நான் குழித்துறையில் ரயிலேறி திருவனந்தபுரத்துக்குப் போய்வந்து வேலை பார்ப்பவள். வாசிப்பு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான். நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறிவிட்டால் அதுவும் இல்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் துண்டு துண்டாக வாசிக்கிறோம் என்பதால், எந்த நூலை முதலில் எடுப்பது என்ற கேள்விக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது: விட்டுவிட்டுப் படித்தால் எது தாங்கும்?

பிராங்கன்ஸ்டைன் தாங்காது. வடதுருவத்தை நோக்கிக் கப்பலில் போகும் வால்டன் தன் அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதத்துக்குள் விக்டர் பிராங்கன்ஸ்டைன் தன் கதையைச் சொல்கிறான். அந்தக் கதைக்குள் அவன் உருவாக்கிய பெயரற்ற உயிர் தன் கதையைச் சொல்கிறது. அதற்குள்ளும், காட்டுக் குடிசையில் வாழும் டி லேசி குடும்பத்தின் கதை வருகிறது. வால்டன், விக்டர், அந்த உயிர் மூவருமே 'நான்' என்றே பேசுகிறார்கள். ஓணம் விடுமுறையில் மூடி வைத்த புத்தகத்தைப் பத்து நாள் கழித்துத் திறந்தபோது, இரண்டு பக்கம் வரை அந்த 'நான்' விக்டர் என்றே எண்ணிப் படித்துக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தது அவன் படைத்த உயிர். கதைக்குள் கதையாக அடுக்கிய இந்த அமைப்புக்கு நீண்ட, தடையில்லாத பொழுதுகள் வேண்டும்.

டிராகுலாவின் அமைப்பு நேர் எதிரானது. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள் ஆகியவற்றை அடுக்கியே மொத்த நாவலும் கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பதிவின் தலையிலும் எழுதியவர் யார், எந்த நாள் என்று இருக்கும். மே 3 அன்று பிஸ்ட்ரிட்ஸ் நகரில், டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போகும் ஆங்கிலேய வழக்கறிஞன் ஜோனதன் ஹார்க்கரின் நாட்குறிப்பு தொடங்குகிறது. மிளகாய்ப்பொடி போட்ட கோழிக்கறி சாப்பிட்டேன், செய்முறையை, தான் மணக்கவிருக்கும் மீனாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்று எழுதி வைக்கிறான். இந்தச் சின்ன ஆசையோடு புறப்பட்டவன் சில நாள்களில், கோட்டைச் சுவரில் பிரபு தலைகீழாக ஊர்ந்து இறங்குவதைச் சன்னல் வழியே பார்க்கிறான். ஒரு பயணத்துக்கு ஒன்றிரண்டு பதிவுகள் சரியாக வரும். நிறுத்திய இடத்தைத் தேட வேண்டியதே இல்லை.

இதற்கு மிகச் சிறந்த சான்று, டிராகுலாவை இங்கிலாந்துக்கு ஏற்றிவரும் டெமெட்டர் என்ற கப்பலின் பதிவேடு. ஏழாம் அத்தியாயத்தில் சில பக்கங்களே வருகிறது. பணியாளர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள்; கப்பல் தலைவர் நாள் போட்டுச் சுருக்கமாகக் குறிக்கிறார், விளக்கம் எதுவும் தருவதில்லை. முடிவில் சுக்கானோடு தன் கைகளைக் கட்டிக்கொண்டு இறந்த நிலையில் அவர் கரை சேர்கிறார். ஆடி மாத மழையில் ரயில் பாறசாலையில் நின்றிருந்தபோது இதைப் படித்தேன். ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள எழுதப்படாத நாளில்தான் அச்சம் இருக்கிறது. ஆகவே நாம் இடையில் புத்தகத்தை மூடி வைப்பதும் இந்தக் கதைக்கு உதவியே செய்கிறது.

என் தொழில் காரணமாக ஒன்றைக் கூடுதலாக இரசித்தேன். நான் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று வேலைக்கு வந்தவள். இந்த நாவலில் ஹார்க்கர் நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில் எழுதுகிறான். தன்னால் படிக்க முடியாத அந்தக் கோடுகளைக் கண்ட பிரபு, ஹார்க்கர் மீனாவுக்கு எழுதிய கடிதத்தை விளக்கில் கொளுத்திவிடுகிறான். டிராகுலாவை எதிர்க்கும் குழுவில் ஒருவரான மனநல மருத்துவர் சீவர்ட் ஒலிப்பதிவுக் கருவியில் பேசி வைத்திருந்ததையெல்லாம் மீனா கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள், கார்பன் வைத்து மூன்று படிகள் எடுக்கிறாள். பிறகு பிரபு வந்து கையெழுத்துப் படியையும் ஒலி உருளைகளையும் நெருப்பிலிட்டுவிடும்போது, பெட்டகத்தில் இருக்கும் இன்னொரு படிதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. ஒரு பெண் பொறுமையாகத் தாள்களை நாள்வாரியாக அடுக்குவதே பேயை வீழ்த்தும் ஆயுதமாகிறது. படம் பார்த்து மட்டும் டிராகுலாவை அறிந்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

தமிழ்நாடு–கேரள எல்லைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இந்நூலில் நுழைய இன்னொரு வழியும் இருக்கிறது. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சி தனியே நடந்து போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நின்று பதில் சொன்னவன்தான் அகப்படுவான். டிராகுலாவும் வீட்டார் ஒருவர் அழைக்காமல் முதல் முறை உள்ளே நுழைய முடியாது. மாந்திரீகம் தெரிந்த பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனாரின் கதை தெரிந்தவருக்கு, டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் ஒரு கையில் பூண்டும் மறு கையில் நற்கருணை அப்பமுமாக வருவதும் விநோதமாகத் தோன்றாது. விடுதிக்காரப் பெண் தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றிக் கொடுக்கையில், இது விக்கிரக வழிபாடாயிற்றே என்று தயங்கும் சீர்திருத்தச் சபைக்காரனான ஹார்க்கரை எங்கள் ஊரில் பலருக்கும் நேரில் தெரியும்.

குறைகளும் உண்டு. விட்பி நகரத்துக் கிழவர் பேசும் வட்டார வழக்கு என் ஆங்கிலத்துக்கு எட்டவில்லை. அந்தப் பத்திகளைத் தாண்டிப் போனேன், கதை விட்டுப்போகவில்லை. வான் ஹெல்சிங்கின் நீண்ட சொற்பொழிவுகள் பின்பாதியில் அலுப்பூட்டும். முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு பிரபுவை நேரில் காண்பது அரிது. அதைக் குறையென்பதா நிறையென்பதா என்பதில் எனக்கும் மாமாவுக்கும் இன்னும் உடன்பாடில்லை.

ஆழத்தில் பிராங்கன்ஸ்டைன்தான் பெரிய நூல் என்பதை மறைக்க விரும்பவில்லை. 18 வயதில், 1816ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் எழுதத் தொடங்கியவர் மேரி. அந்த உயிர், குடிசைச் சுவரின் இடுக்கு வழியே பிறர் பேசுவதைக் கேட்டு மொழி கற்கிறது, மில்டனின் காவியத்தைப் படிக்கிறது, தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கிறது. திரையில் பார்த்த ஊமைப் பூதம் அங்கே இல்லை. மூன்றாம் முறை விடுமுறையெடுத்து இரண்டே நாளில் படித்து முடித்த பிறகு வெகுநேரம் யாரோடும் பேசத் தோன்றவில்லை. நான் படித்தது 1831இல் அவரே திருத்திய பதிப்பு. முதல் பதிப்பின் வாசிப்பு எப்படி இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது.

ஸ்டீவன்சனின் ஜெக்கில், ஹைட் கதை (1886) சிறியது என்பதால் பலர் பரிந்துரைப்பார்கள். ஆனால் கடைசிவரை அவர் காத்து வைத்த இரகசியம் இன்று எல்லோருக்கும் முன்பே தெரியும். ஷெர்லி ஜாக்சனின் ஹில் ஹவுஸ் நாவலை (1959) ஒரே மூச்சில் ஒரு முறை மட்டும் படித்திருக்கிறேன். ரயில் வாசிப்புக்கு அது ஒத்துவருமா என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

மாமாவுக்கு டிராகுலாவை அச்செடுத்து, பதிவுக்கு ஒரு கட்டாகப் பிரித்துக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் இரவு அலைபேசியில் அழைத்து, "கப்பல் கரைக்கு வந்தாச்சு மக்களே, ஆளுதான் யாரும் இல்ல" என்றார். பிராங்கன்ஸ்டைனை அவருக்காகக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.