மொட்டைப் பூனையா, சடைப் பூனையா: சேலத்துக்கு எது, ஏற்காட்டுக்கு எது?

முடியில்லாத பூனை வெயிலுக்கு, சடைசடையாய் முடி வளர்ந்த பூனை குளிருக்கு. மொட்டை இனமான ஸ்ஃபிங்ஸா, சடை இனமான மெயின் கூனா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள். கணக்கு பாதிதான் சரி. சேலத்தில் ஸ்ஃபிங்ஸுக்கு வெயிலைவிட எண்ணெய்ப் பிசுக்குதான் பெரிய தொல்லை. ஏற்காட்டில் மெயின் கூனுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை, ஈரம்தான் எமன்.

முதலில் மொட்டை. 1966-ல் கனடாவின் டொராண்டோவில் முடியில்லாமல் ஒரு குட்டி பிறந்ததில் ஸ்ஃபிங்ஸின் கதை தொடங்குகிறது. மற்ற பூனைகளின் தோல் சுரக்கும் எண்ணெயை முடி வாங்கிக்கொள்ளும். இதற்கு அது தோலிலேயே தங்கிவிடும். பத்து நாள் குளிப்பாட்டாமல் விட்டால் கழுத்து மடிப்பில் பழுப்புப் பிசுக்கு, நக இடுக்கில் கறுப்பு அழுக்கு, வாலடியில் கரும்புள்ளி. வெள்ளை பெட்ஷீட்டில் அது படுத்த இடம் மஞ்சளாகத் தெரியும்.

வாரம் ஒரு குளியல் வேண்டும். முழங்கையை நனைத்தால் சுடாத வெதுவெதுப்பில் தண்ணீர். தலைக்கு ஊற்றாமல் கழுத்திலிருந்து கீழே. பூனைக்கான ஷாம்பு மட்டும். டெட்டால் மாதிரிக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. அக்குளையும் தொடை மடிப்பையும் மெல்லிய துணியால் துடைத்து, வழவழப்புப் போகும்வரை அலசி, உடனே துவட்டிவிட வேண்டும். காதில் காப்பிப்பொடி நிறத்தில் மெழுகு சேரும். கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் பஞ்சால் எடுத்தால் போதும், பட்ஸை உள்ளே விடக் கூடாது. தோல் வறண்டிருக்கிறதே என்று பாட்டி தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார். தடவினால் துளை அடைத்துப் பருதான் வரும்.

வெயில் ஆகாதா என்றால், நிழலில் தாங்கும். காலை 10 முதல் 4 வரை பால்கனியில் படுக்கவிட்டால் நம்மைப் போலவே தோல் வெந்துபோகும். கொசுவும் நேராகத் தோலில் கடிக்கும், எல்லா ஜன்னலுக்கும் வலை தேவை. உடம்புச் சூட்டைக் காக்க முடி இல்லாததால் தீனியும் கூடுதல்: 4 கிலோ சாதாரண வீட்டுப் பூனைக்கு நாளுக்கு 60 கிராம் உலர்தீனி போதுமென்றால், இதற்கு 75 வரை போகும். ‘முடி இல்லை, அலர்ஜி வராது’ என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். அலர்ஜி தரும் புரதம் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது.

ஏற்காட்டின் டிசம்பர் இரவுகளில் ஸ்ஃபிங்ஸ் சூடு தேடி அலையும். இப்போதுதான் அணைத்த அடுப்பு, கம்பி ஹீட்டர் என்று எதன்மேலும் ஏறிப் படுத்துத் தோலைச் சுட்டுக்கொள்ளும். துணி சுற்றிய வெந்நீர்ப் பை, பருத்திச் சட்டை போதும். சட்டையைத் தினம் மாற்றுங்கள். எண்ணெயும் ஈரமும் ஊறிய துணிக்குள் தோல் புண்ணாகும்.

இனி சடை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பூனை. கடுவன் 6 முதல் 8 கிலோ வரும், முழு வளர்ச்சிக்கு மூன்று நான்கு வருடம் ஆகும். பூனை மலம் கழிக்கக் கடையில் விற்கும் மணல் தட்டில் (லிட்டர் டிரே) இதன் முன்பாதிதான் அடங்கும், 75 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்வது மேல். நகம் கீறும் கம்பம் 90 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். அடியில் கடப்பாக்கல் துண்டு பொருத்தாவிட்டால் முதல் தாவலிலேயே சாயும்.

மலையில் பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் உள்முடி காயாமல் கம்பளிபோல் ஒட்டிக்கொள்ளும். அதன் அடியில் தோல் ஊறி, படர்தாமரை பிடித்து, வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றும். வாரம் மூன்று முறை அகலப் பல் இரும்புச் சீப்பு. முதுகைச் சீவி நிறுத்திவிடுகிறார்கள்; சிக்கு இருப்பதோ காதின் பின்புறம், அக்குள், வயிறு, பின்தொடை. சிக்கின் வேரை இரு விரலால் இறுக்கிப் பிடித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். சோளமாவு தூவினால் வழுக்கிக்கொண்டு வரும். (மரவள்ளி மாவுக்குப் பேர்போன சேலத்தில் அதையே தூவினாலும் குற்றமில்லை.) கத்தரிக்கோல் வேண்டாம். பூனைத்தோல் சிக்கோடு சேர்ந்து கூடாரம்போல் எழும்பும், வெட்டுவது முடியா தோலா என்று தெரியாது.

கீழே சேலத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், ஏசி இல்லாமல் மெயின் கூன் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறியும் மண்சட்டித் தண்ணீரும் அதற்குப் போதாது. ஒட்ட மழித்துவிடலாம் என்பதும் உதவாது. பூனைக்கு வியர்ப்பது பாதத்தில்தான், மழித்த தோலில் வெயில்தான் ஏறும். உள்முடியைச் சீவி எடுப்பதே வழி.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து இதயத்தசை தடிக்கும் நோய். மெயின் கூனில் அதற்கான ஒரு மரபணுப் பிழை 2005-ல் கண்டறியப்பட்டது. குட்டி வாங்கும்போது தாய், தந்தை இரண்டின் மரபணுப் பரிசோதனைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். சீட்டு சுத்தமாக இருந்தாலும் நோய் வராது என்பதில்லை, எனவே இரண்டு இனத்துக்கும் வருடம் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) தேவை. சேலத்துக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்: பூனை வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் ‘வெயில்’ என்று விட்டுவிடுகிறார்கள். நாய்க்கு அது இயல்பு, பூனைக்கு அவசரம். பின்கால்கள் திடீரெனச் செயலிழந்து இழுபட்டு, பாதம் சில்லென்று ஆனால், இரத்தம் கட்டி குழாயை அடைத்திருக்கிறது என்று பொருள். மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

தயிர்சாதம் மட்டும் போட்டு எந்தப் பூனையையும் வளர்க்க முடியாது. இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் இதயம் வீங்கும் என்பது 1987-லேயே தெரிந்த விஷயம். பல்லி வேட்டைக்கும் தடை. பல்லி வழியாகக் கல்லீரல் புழு வரும்.

மேலே கீழே என்று இரண்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு 20 கொண்டைஊசி வளைவும் ஒரு கணக்கு. கிளம்புவதற்கு 4 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். கூடையை முன் சீட்டுக்குப் பின்னால் தரையில், ஆடாமல் வைக்க வேண்டும். ஸ்ஃபிங்ஸுக்குச் சேலத்திலேயே சட்டை மாட்டினால் வெந்துவிடும். பாதி மலை ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அப்புறம் கூடையைத் திறந்து மாட்டுங்கள்.