ஏவுகணைக் கேடயமா, நேரடி ஆய்வு ஒப்பந்தமா?

அணு ஏவுகணை ஆபத்தைக் குறைக்க அமெரிக்கா இரண்டு வழிகளையும் முயன்றது: வரும் ஏவுகணையை வானிலேயே மோதி அழிக்கும் கேடயம், 1987-ல் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஐ.என்.எஃப். ஒப்பந்தம் (தரையிலிருந்து ஏவும் நடுத்தர தூர ஏவுகணைகளைத் தடைசெய்து, ஒருவர் இடத்தை மற்றவர் நேரில் ஆய்வு செய்ய வழிவிட்டது).

எண்ணிக்கை
கேடயம்: அலாஸ்கா, கலிஃபோர்னியாவில் மொத்தம் 44 இடைமறிப்பு ஏவுகணைகள்.
ஒப்பந்தம்: 1991 ஜூனுக்குள் இருதரப்பிலும் 2,692 ஏவுகணைகள் அழிப்பு. சோவியத் பங்கு 1,846.

எங்கே சறுக்கும்?
கேடயம்: காற்றில்லாத வெளியில், ஏமாற்றுவதற்காக எதிராளி விடும் போலி பலூனும் நிஜ வெடிமுனையும் ஒரே வேகத்தில் போகும். எதை மோதுவது?
ஒப்பந்தம்: அனுமதிக்கப்பட்ட சோவியத் ஏவுகணை எஸ்.எஸ்.-25-ன் முதல் அடுக்கு, தடைசெய்யப்பட்ட எஸ்.எஸ்.-20-ன் அடுக்கைப் போலவே இருக்கும்; ஒன்றின் பெயரில் மற்றதைச் செய்தால் தெரியாது. அதனால்தான் சோவியத்தின் வோட்கின்ஸ்க் ஏவுகணை ஆலை வாசலிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கி, வெளியேறும் சரக்கை எக்ஸ்ரேயில் பார்த்தார்கள். பதிலுக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மாக்னா ஆலையில் சோவியத் ஆய்வாளர்கள். நேற்றுவரை எதிரி, இன்று ஆலை வாசலில்!

ஆயுள்
கேடயம்: நிற்கிறது, ஆனால் எதிராளி கூடுதல் வெடிமுனைகளைச் செய்து ஈடுகட்டலாம்.
ஒப்பந்தம்: 2019-ல் முறிந்தது. அழித்தவை திரும்பவில்லை.

வடகொரியா போல, குறைந்த ஏவுகணைகளோடு பேச்சுக்கும் பிடிகொடுக்காத நாடு என்றால் கேடயத்துக்கு வேலை உண்டு. ஆயிரக்கணக்கில் வெடிமுனை வைத்திருக்கும் ரஷ்யாவிடம் 44 எம்மாத்திரம்? அங்கே ஆய்வு ஒப்பந்தம்தான்.