பழைய மரவேலை மெஷின்கள்: மாற்றியவையும் விட்டுவிட்டவையும்

மரத்தை இழைக்க ஒரு பிளேனர், பள்ளமும் ஓர வடிவமும் வெட்ட ஒரு ரவுட்டர், அறுக்க ஒரு சர்க்குலர் ரம்பம், தேய்த்து வழவழப்பாக்க ஒரு சாண்டர். பல வருடமாக என்னிடம் உழைக்கும் இந்த நான்கிலும் மோட்டார் வாங்கியபோது இருந்ததுதான். அதைச் சுற்றியுள்ள சின்ன சாமான்களைத்தான் மாற்றிக்கொண்டே வருகிறேன். தேய்வதற்கென்றே வைத்திருக்கும் பாகத்தை நேரத்தோடு மாற்றினால் மோட்டார் தப்பிக்கும் என்பதே இத்தனை வருடத்தில் நான் கண்டது.

முதலில் கார்பன், அதாவது மோட்டாரின் சுழலும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித் துண்டு. ஸ்டார்ட் ஆகத் தயங்கினால், விட்டு விட்டு ஓடினால், அநேகமாகக் காரணம் அதுதான். தேய்மானக் கோடு போட்டிருந்தால் அதைத் தாண்ட விடுவதில்லை. கோடு இல்லாவிட்டால் 6 மி.மீ. நீளத்துக்குக் குறைந்ததும் மாற்றிவிடுவேன், எப்போதும் ஜோடியாக. சில கார்பனுக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு முனை இருக்கும். தேய்ந்து முடிந்ததும் அது வெளியே தள்ளிக்கொண்டு வந்து மோட்டாரை நிறுத்திவிடும். நேற்று வரை ஓடிய மெஷின் இன்று அசையவில்லை என்றால் பலர் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) போய்விட்டது என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். மனசு கேட்பதில்லை எனக்கு. பிளக்கைக் கழற்றிவிட்டு கார்பன் மூடியைத் திருகிப் பாருங்கள், முதலில்.

புதுக் கார்பன் போட்டதும் லோடு கொடுக்காமல் சில நிமிடம் ஓட விட வேண்டும். அதன் முகம் கம்யூட்டேட்டரின் (ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்பு உருளை) வளைவுக்குப் படியும் வரை பொறி சற்று கூடுதலாகவே இருக்கும். படிந்த பிறகும் கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் கோளாறு பெரும்பாலும் ஆர்மேச்சரில். இன்னொரு ஜோடி கார்பன் வாங்கிப் பயனில்லை.

பேரிங் விஷயத்தில் நான் பொறுமை காட்டுவதே இல்லை. சத்தம் கீச்சென்றோ கரகரவென்றோ மாறிய அன்றே பிரித்துவிடுவேன். பேரிங்கில் ஆட்டம் வந்தால் ஆர்மேச்சர், அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்டு காயிலின் இரும்பில் போய் உரசும், அத்தோடு மோட்டார் முடிந்தது. கம்பெனி ஸ்பேர் கிடைக்காது என்று பயப்படவும் வேண்டாம், பேரிங்குக்குப் பொது அளவு உண்டு. 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ., எந்த பிராண்டாக இருந்தாலும். எண் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். கடைசியில் இசட்இசட் என்றிருந்தால் தகர மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. மரத்தூளுக்கு ரப்பர் மூடிதான் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் ரவுட்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும், ரப்பர் உரசிச் சூடேறும். அதனால் அதில் மட்டும் ஏற்கெனவே இருந்த வகையையே போடுகிறேன், அதுவும் அந்த வேகத்தைத் தாங்கும் என்று பார்த்து. ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தைத் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் போகும், புது பேரிங் போட்ட அன்றே கெட்டுவிடும்.

ரவுட்டரில் பிட்டை, அதாவது வெட்டும் அலகை, கவ்விப் பிடிக்கும் கோலெட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிட்டை இறுக்கியும் அது வெட்டும்போது மெல்ல இறங்கினால், பிட்டின் தண்டில் கருப்புக் கோடுகள் தெரிந்தால், கோலெட் தேய்ந்துவிட்டது. இதில் ‘இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்’ என்பதே கூடாது, கழன்ற பிட் எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. கால் அங்குலத் தண்டு 6.35 மி.மீ., அதற்கு 6 மி.மீ. கோலெட்டும், 6 மி.மீ. தண்டுக்கு கால் அங்குலக் கோலெட்டும் சரிவராது. ரம்பத்தின் பிளேடை மறைக்கும் கீழ் கார்டு தானாக மூடவில்லை என்றாலும் அப்படித்தான். ஸ்பிரிங்கை மாற்றும் வரை அந்த ரம்பத்தை நான் தொடமாட்டேன்.

மற்றவை சுலபம். பிளேனர் மோட்டார் ஓடி, பிளேடு பொருத்திய டிரம் நின்றால் பெல்ட். சாண்டரின் பேட் லோடில்லாமல் கண்டபடி வேகமெடுத்தால் அடியிலிருக்கும் பிரேக் வளையம். வயர் பெரும்பாலும் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் உள்ளுக்குள் அறுந்திருக்கும், அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீதியை இணைத்தால் போதும்.

எங்கே நிறுத்துவது? ஆர்மேச்சரும் ஃபீல்டு காயிலும் சேர்ந்து எரிந்திருந்தால் செலவு செய்வதில்லை. பேரிங் உட்காரும் பிளாஸ்டிக் குழி சூட்டில் இளகி அகன்றிருந்தாலும் விட்டுவிடுவேன், புது பேரிங் அதில் நேராக நிற்காது. அப்படி ஒதுக்கும் மெஷினிலிருந்து சுவிட்ச், கார்பன் ஹோல்டர், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழற்றி, மாடல் எண் எழுதிய டப்பாவில் போட்டு வைக்கிறேன்.