பித்தளை எவ்வளவு மின்ன வேண்டும்? ஆறு வருட டம்ப்ளர் அனுபவம்

டம்ப்ளர் என்றதும் தண்ணீர் குடிக்கும் டம்ளரை நினைத்துவிட வேண்டாம். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறைகளை மறுபடி வெடிமருந்து போட்டு நிரப்புவதற்கு முன் உருட்டிச் சுத்தம் செய்யும் இயந்திரம் இது. ஆறு வருடத்தில் உலர் வகை, ஈர வகை இரண்டையும் புழங்கிப் பார்த்துவிட்டேன்.

முதலில் வாங்கியது அதிரும் கிண்ணம். வால்நட் ஓட்டுத் தூளில் உறைகளைக் கொட்டி இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் வெளியே பளபளவென்று வரும், உள்ளே கரி அப்படியே இருக்கும். அது பரவாயில்லை, சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை. தூசிதான் வில்லங்கம். உறையின் அடியில் பொருத்தி, சுடும்போது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பிதான் பிரைமர்; பெரும்பாலானவற்றில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்டபின் அது கரியோடு உறைக்குள் படிந்து, அப்புறம் தூளில் கலக்கிறது. சல்லடையில் கொட்டும்போது சாம்பல் நிறத்தில் எழும் புகை மண்டலத்தை முதல் வருடம் முழுக்க முகமூடி இல்லாமல் சுவாசித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால்தான் ஈர முறைக்கு மாறினேன். தண்ணீர், கொஞ்சம் பாத்திர சோப்பு, கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், கூடவே எஃகு ஊசிகள். பழைய பிரைமரை முன்பே தட்டி எடுத்துவிட்டால் அதன் குழிகூடத் தங்கம் மாதிரி ஜொலிக்கும். முதல் நாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், வீட்டில் சிரித்தார்கள்.

மயக்கம் தெளிய ஒரு மாதம் ஆனது. .223 என்ற ரைபிள் அளவு உறையின் குறுகிய கழுத்தில் இரண்டு ஊசிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சிக்கும், உதறினாலும் விழாது. ஒன்று தப்பி உள்ளே தங்கினால் துப்பாக்கிக் குழலுக்குள் போய்விடும் என்பதால், ஒரு தடவை போடும் முந்நூறு உறைகளையும் விளக்கடியில் வாய் பார்த்தே ஆக வேண்டும். ஒருமுறை மறந்து இரவெல்லாம் ஓடவிட்டதில் வாய் விளிம்புகள் மோதி மோதி மழுங்கிப்போயின. இன்னொரு முறை அமிலத்தைத் தாராளமாகப் போட, எல்லாம் இளஞ்சிவப்பாக வந்தது. தோட்டாப் பித்தளையில் செம்பு 70, துத்தநாகம் 30 பங்கு. துத்தநாகம் கரைந்தால் செம்பு வெளியே தெரியும்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனமும் செய்தேன். மினுமினுப்புக்காக அம்மோனியா கலந்த பாலிஷ் ஒன்றைத் தூளில் சேர்த்தேன். சில மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு உறைகளின் கழுத்தில் மயிரிழை விரிசல். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களும் இப்படித்தான் வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாவே காரணம் என்று 1921இல்தான் தெளிவானதாம். நான் அதைப் படித்தது விரிசலைப் பார்த்தபிறகு.

இப்போது ஊசிகள் டப்பாவில் தூங்குகின்றன. தண்ணீர், சோப்பு, ஒரு சிட்டிகை அமிலம், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பிரைமர் குழியில் லேசாகக் கறுப்பு நிற்கும்; நிற்கட்டும், குறி பார்த்து அடித்ததில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் துண்டில் உருட்டி, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்கக் காயவிடுகிறேன். சமையல் அடுப்புப் பக்கம் கொண்டுபோவதே இல்லை: ஈயம் ஒட்டும், சூடு மிஞ்சினால் அடிப்பகுதி இளகி உறையே ஆபத்தாகிவிடும்.

இயந்திரத்தில் இதுவரை மாற்றியது ஒரு ரப்பர் பெல்ட் மட்டும். சத்தம்தான் குறையவில்லை, கதவை மூடிவிட்டு ஓடவிடுகிறேன்.