புழுவா, மீனா?

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, சிறு ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்குப் புழு நல்லதா, வரிக்குதிரை மீனா?"

சிறு ஆர்.என்.ஏ. என்றால் மரபணுக்களின் வேலையை அடக்கிவைக்கும் குட்டி மூலக்கூறு. புழுதான் இந்தத் துறைக்குத் தாய்வீடு, மக்களே. அதன் பெயர் சி. எலிகன்ஸ், 1 மி.மீ. நீளம். 1993-இல் விக்டர் அம்புரோஸ் குழு லின்-4 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை (சிறு ஆர்.என்.ஏ.வில் ஒரு வகை) இதில்தான் பிடித்தது. அது லின்-14 மரபணுவை அடக்கும் விதத்தைக் கேரி ருவ்குன் குழு காட்டியது. இருவருக்கும் 2024-இல் நோபல். லின்-4 வெறும் 22 மரபு எழுத்து நீளம்தான். ஆனால் அது கெட்டால் புழுவின் செல்கள் முதல் பருவத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்யும், பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் தங்கிவிட்ட பிள்ளை மாதிரி. முட்டை மூன்று நாளில் முதிர்ந்த புழுவாகிவிடும். சிக்கல் சூடுதான்: 25 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரையில் கரன்ட் போனால் அவ்வளவுதான்.

மீனுக்கு 28 டிகிரி இதம், நம்மூர் வெக்கை ஒத்துவரும். ஒரே நாளில் கண்ணாடிக் கருவுக்குள் இதயம் துடிப்பதைப் பார்க்கலாம், அந்த அழகு புழுவில் இல்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கு 3 மாதம். ஞாயிறும் தீனி போடணும்.

என் ஓட்டு புழுவுக்கே. உயிரோடவே மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்துவிட்டு ஊருக்கு வந்துவிடலாம்.

"அப்போ மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைக்கு லீவு உண்டு" என்றாள்.